இடவலம் மாறிய பெட்டி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை ஏனோ அதை எழுத மறுக்கிறது. இருக்கிறோம், அவ்வளவுதான். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஸ்பீக்கரில் போட்டுத்தானே பேசுகிறோம், உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி என்ன பேசுவது?

போன மாதம் பேசும்போது, "அந்த சிந்தசைசர் சாமானெல்லாம் சும்மாதானேப்பா கிடக்கு, என் ஃப்ரெண்டுக்குக் கொடுத்துடலாமா?" என்று கேட்டாய். அவர் சரி என்றார். நீயும் நிம்மதியாகப் போனை வைத்துவிட்டாய். எனக்குத்தான் அன்று முழுக்க எதுவும் ஓடவில்லை. அந்தச் 'சரி'யைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பக்கவாதம் வந்ததிலிருந்து இவர் வாயில் அந்த ஒரு வார்த்தைதான். பேச்சு வராமல் இல்லை. கொஞ்சம் குழறுகிறது, ஆனாலும் புரிகிறது. சாப்பிடலாமா என்றால் சரி. ஆறிப்போச்சே, பரவாயில்லையா என்றால் அதற்கும் சரி. ஒருநாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் வைத்தேன். உப்பு இம்மி குறைந்தால் தட்டைத் தள்ளிவைக்கிற மனுஷன், ஒரு பேச்சும் பேசாமல் சாப்பிட்டு முடித்தார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன். டாக்டர் மட்டும், "உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒத்துழைக்கிற பேஷண்டைப் பார்த்ததே இல்லம்மா" என்று பாராட்டுகிறார். என்னோடு ஒரு நாளாவது ஒத்துழைத்திருக்கிறாரா என்று கேட்க நினைத்தேன். 

எனக்கு அலுத்துவிட்டது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? காலையில் குளிப்பாட்டி, துடைத்து, சட்டை மாட்டி, கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடுகிறேன். அங்கே பகல் முழுக்க ஊரார் சோபாவுக்கெல்லாம் உறை தைக்கிறேன். திரும்பி வரும்போது பந்து அதே கையில், வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். அழுத்தினீங்களா என்றால் சரி என்பார். நான் கேட்டது ஒன்று, அவர் சொல்வது ஒன்று. தோள்பட்டை வலிக்கு மருந்து தடவிக்கொண்டு படுத்தால் விடிந்துவிடுகிறது.

அந்தச் சாமான்களை நீ சும்மா என்று சொன்னது உன் தப்பில்லை. உனக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் பழுதுபார்த்தவர், ஒரு வாத்தியத்தையாவது முதலிலிருந்து கடைசிவரை தானே செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார். எந்த நாட்டிலோ யாரோ ஒருவர் இந்த சிந்தசைசரின், குமிழைத் திருகினால் விதவிதமாகச் சத்தம் எழுப்பும் இந்த மின்வாத்தியத்தின், படங்களையெல்லாம் இணையத்தில் போட்டு, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றினால் அதையும் எல்லோருக்கும் காட்டுங்கள் என்று எழுதிவைத்திருந்தாராம். இப்படியும் ஒருத்தன் இருக்கான் பாரு என்று முகம் தெரியாத அந்த ஆளை வாய் ஓயாமல் புகழ்வார். போர்டையெல்லாம் ஈயம் உருக்கிவைத்துச் சால்டர் செய்து முடித்துவிட்டார். குமிழ்களுக்குப் போகிற வயர்களைக்கூட அளந்து வெட்டிக் கட்டிவைத்திருந்தார். பெட்டி ஒன்றுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் வலது கை விழுந்தது.

அதனால் பெட்டியை நானே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். செய்து அவர் முன்னால் வைக்க வேண்டும், அதற்கும் சரி என்றால் கட்டி உன் நண்பருக்கே அனுப்பிவிட வேண்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். திடம் என்று எழுதுகிறேன், உள்ளுக்குள் உதறல்தான். அந்தச் சரியையும் கேட்டுவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் நான் யாரோடு இருப்பது?

ஆழம் தெரியாமல் காலை விட்டேன். கடையில் உடைத்துப்போட்ட சோபாவின் பலகையை அறுத்துப் பக்கங்களைச் செய்தேன். முகப்புக்கு மெல்லிய ஒட்டுப்பலகை, மேலே மிச்சம் கிடந்த கரும்பச்சை ரெக்ஸின். சுருக்கமே இல்லாமல் இழுத்து ஒட்டினேன், பார்த்தால் தொடத் தோன்றும். ஓட்டை போட வேண்டிய இடங்களுக்கு அப்பா ஒரு தாளில் வட்டம் வட்டமாக அச்செடுத்து வைத்திருந்தார். அதைப் பலகையில் ஒட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக டிரில் போட்டேன். மயிரிழைகூடப் பிசகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் சாப்பாட்டு மேஜையில் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். பார்த்தார். வாய் 'ச'வுக்குத் திறந்துவிட்டது, நான் கண்ணால் கண்டேன். அப்புறம் பார்வை முகப்பில் நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தார். இடது கையால் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். "எந்த முட்டாள் ஓட்டை போட்டது?" என்றார்.

இந்த முட்டாள்தான் என்றேன். தாளை எங்கே ஒட்டினாய் என்று கேட்டார். பின்பக்கம் என்றேன். வேறு எங்கே ஒட்டுவேன்? நல்ல பக்கத்தில் கோடு விழக்கூடாது, பசை படக்கூடாது என்று இத்தனை வருஷமும் எதையும் பின்பக்கம் குறித்து வெட்டியே பழகிய கை இது. அவ்வளவுதான், மனுஷன் பிடித்துக்கொண்டார். "இது என்ன சோபாவா? பின்னாலருந்து போட்டா முன்னால இடம் வலம் மாறிடும்னு தெரியாது? வலப்பக்கம் இருக்க வேண்டிய பெரிய குமிழ் இடப்பக்கம் வந்து நிக்குது. வெட்டி வச்ச வயர் ஒண்ணுகூட எட்டாது. கேட்டுட்டுச் செஞ்சா கொறஞ்சா போயிடுவ?" என்று குழறிக் குழறி, எச்சில் தெறிக்கக் கத்தினார். மூச்சு வாங்கினால் நிறுத்தி, திரும்ப விட்ட இடத்திலிருந்து கத்தினார். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்பார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திட்டு வாங்கிப் பூரித்துப்போன பெண்டாட்டி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வேறு பலகை வெட்டிச் சரியாகப் போட்டுத் தருகிறேன் என்றேன். இடது கையை நீட்டி, அந்தப் பெரிய ஓட்டைமேல் விரலை வைத்தார். அது அவர் எட்டிப்பிடிக்கத் தேவையில்லாமல் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. வெறும் ஓட்டையில் விரலைத் திருகிப் பார்த்தார். அப்புறம், "வேண்டாம்" என்றார்.

மகளே, வேண்டாம் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்!

அன்று தொடங்கி எங்கள் வீட்டில் தினமும் சண்டைதான். எட்டாத வயர்களைக் கழற்றி நீளமாகப் போடுகிறோம். சூட்டுக்கோலை இடது கையில் அவர் பிடிக்கிறார், ஈயக்கம்பியை நான் நீட்டுகிறேன். கோல் ஆடுகிறது. என் விரலில் ஒரு கொப்புளம். கை நடுங்காமல் பிடிடி என்று என்னைச் சொல்கிறார், நடுங்குவது யார் கை? முதல் முதலாகச் சத்தம் வந்த அன்று தகரத்தைத் தரையில் இழுத்தது போலிருந்தது. மேல்வீட்டு டீச்சர் இறங்கி வந்து, கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். இத்தனை மாதமும் ஐயோ பாவம் என்ற முகத்தோடு வந்துபோனவர், பழையபடி கோபமாக வந்தார். அப்பாவுக்கு அதில் பரம திருப்தி.

கை அப்படியேதான் இருக்கிறது. பந்து சோபாவுக்கு அடியில் எங்கேயோ உருண்டுவிட்டது. குளிப்பாட்டுவதும் நான்தான், தோள்வலியும் போகவில்லை. பெரிதாக எதுவும் மாறிவிட்டதாக நினைத்து ஏமாந்துவிடாதே. சில நாள் மறுபடியும் சரி சரி என்றே பொழுது போகிறது.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். இடம் மாறிய முகப்பின் படம், இடது கையால் அவரே வரைந்தது. கோடெல்லாம் கோணல். மாற்றினால் காட்ட வேண்டும் என்பதுதானே பேச்சு, அதனால் அந்த ஆளின் இணையப் பக்கத்தில் நீ இதைப் போட்டுவிட வேண்டுமாம். ஒரு கை மட்டும் உள்ளவர் எவரேனும் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். என் தப்பு என்று எழுதக்கூடாது என்று நான் சொன்னதற்கு, அதைத்தான் முதலில் எழுதணும் என்கிறார்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். போனில் நீ அவரிடம் குழந்தையிடம் பேசுவது போல, "சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா" என்று பேசுகிறாய். பாசம்தான், தெரிகிறது. ஆனால் முன்பு நீ கேட்கிற பாட்டெல்லாம் கொசுச் சத்தம் என்று அவர் சொல்ல, நீ கதவை அறைந்து சாத்துவாயே, அது போல ஒரு தடவை பேசு. படத்தில் கோடு கோணல் என்று சொல். மாற்றிப் போட்டுத் தரச் சொல்லி வம்பு செய். அவர் கத்தினால் நீயும் கத்து, பயப்படாதே, உடைந்துவிட மாட்டார்.

நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும். லீவு கிடைத்தால் நேரிலேயே வந்து சண்டை போடு. இவரோடு நான் ஒருத்தியாக மல்லுக்கு நின்று ஓய்ந்துபோயிருக்கிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா