முதலில் எங்கே என்று சொல்

நெய்வேலி
19.6.1983

அன்புள்ள முத்துவுக்கு,

உன் கடிதம் வந்தது. அப்பாவும் நானும் உடம்பளவில் சௌக்கியம். நீயும் பிலாய் வெயிலில் வாடிப்போகாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். உடம்பளவில் என்று நான் எழுதியதை நீ கவனித்திருப்பாய். மனது நன்றாக இல்லை. வருத்தம் ஒன்றுமில்லை, கோபம்தான். உனக்குப் பதவி உயர்வு வந்ததில் எங்கள் இருவருக்கும் மிகுந்த சந்தோஷம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வாரம் பதவி உயர்வு என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது, எழுத எழுத மறந்துவிடுவேன். உன் தங்கை சந்திரா கடலூரிலிருந்து வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள், குழந்தைக்குப் பல் முளைக்கிறது. அப்பா பண்ருட்டியிலிருந்து இவ்வளவு பெரிய பலாப்பழத்தைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார், வயதுக்குத் தகுந்த வேலையா இது என்று கேட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மற்றபடி வீட்டில் புதிதாக ஒன்றுமில்லை. இனி எழுதுவதெல்லாம் என் கண்ட்ரோல் ரூம் விஷயம், பொறுமையாகப் படி.

இந்த அறையின் பொறுப்பு என்னிடம் வந்தபோது நான் அங்கே ஒரே ஒரு மாற்றம்தான் செய்தேன். தீயணைப்பு வண்டிக்கோ ஆம்புலன்ஸுக்கோ யார் போன் செய்தாலும் போனை எடுக்கிற எங்கள் பெண்கள் அதுவரை யார் பேசுவது என்றுதான் கேட்டு வந்தார்கள். கேட்டால் சொல்லாமல் இருப்பார்களா? கொல்லையில் வைக்கோல் எரிந்துகொண்டிருக்கும், அந்த மனிதர் தன் பெயர், பதவி, எந்தச் சுரங்கம், எந்த ஷிப்ட் என்று வரிசையாகச் சொல்லி முடித்த பிறகுதான் தீக்கு வருவார். நம் ஊரைப் பற்றி உனக்குத் தெரியாதா? பதவியைச் சொன்னால் வீடு எவ்வளவு பெரியது, தோட்டத்தில் எத்தனை மாமரம் என்பது வரைக்கும் இங்கே சொல்லிவிடலாம். அதனால் பதவிதான் விலாசம் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. நான் அதை மாற்றி, முதலில் எங்கே என்று கேளுங்கள், பிளாக்கும் ரோடும் வீட்டு நம்பரும் வந்த பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள், யார் என்பதை வண்டி கிளம்பிய பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்றேன். இதில் என்ன குற்றம் இருக்க முடியும் என்று நீ நினைப்பாய். அதிகாரிகள் கிளப்பில் பெரிய குற்றமாகிவிட்டது. டெபுடி சீஃப் பேசறேன்னு சொல்றேன், ஒரு சார் கூடச் சொல்லாம எங்கேங்குது அந்தப் பொண்ணு, என்று சீட்டாட்டத்துக்கு நடுவில் புலம்பினார்களாம். உடனே எங்கள் நிர்வாகப் பிரிவின் தலைவர் பன்னீர்செல்வம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அதிகாரிகள் அழைத்தால் பெயரும் பதவியும் முதலில் கேட்க வேண்டும், மேற்கொண்டு கேள்விகள் கேட்டு அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது, அவரவர் பதவிக்கு நேரே வீடு எது என்று தட்டச்சு செய்த தாள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, அதைப் பார்த்து வண்டி அனுப்பினால் போதும். நான் போய்ச் சொன்னேன், ஆட்கள் வீடு மாறுவார்கள், தாள் தானாக மாறாது என்று. நீங்க படிச்சவங்க மேடம், எல்லாத்துலயும் சந்தேகப்படறீங்க, என்று சிரித்தார்.

போன திங்கட்கிழமை மத்தியானம் ஆதிலட்சுமி போனில் இருந்தாள். மந்தாரக்குப்பத்துப் பெண், அப்பா கண்ணையன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார், இவள் எங்களிடம் டெம்பரரி, அடுத்த மாதம் பர்மனென்ட் ஆக வேண்டியவள். துரைராஜ் என்ற அதிகாரி போன் செய்தார். அவர் அப்போதுதான் பதவி உயர்வு பெற்று டெபுடி சீஃப் ஆகி, புதிதாக வெள்ளையடித்த பெரிய வீட்டுக்குக் குடிபோயிருந்தார். சுண்ணாம்புத் தூசியில் அவர் மனைவி கஸ்தூரியம்மாளுக்கு இழுப்பு வந்து மூச்சுத் திணறியிருக்கிறது. அவருடைய போன் இன்னும் பழைய வீட்டிலிருந்து மாறி வரவில்லை, ஆகவே எதிர்வீட்டுக்கு ஓடி அங்கிருந்து பேசினார். டெபுடி சீஃப் துரைராஜ் பேசறேன், ஆம்புலன்ஸ உடனே வீட்டுக்கு அனுப்பு, என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவள் அப்போதும் எங்கே சார் என்று கேட்டிருக்கிறாள், பக்கத்து நாற்காலியில் இருந்த என் காதிலேயே அது விழுந்தது, மறுமுனையில் ஆள் இல்லை. எங்கிருந்து பேசினார் என்று எக்ஸ்சேஞ்சுக்கும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் தாளைப் பார்த்தோம். தாளில் டெபுடி சீஃப் பதவிக்கு நேரே இருந்தது, போன மாதம் ரிட்டயர் ஆகி இன்னும் வீட்டைக் காலி செய்யாமல் இருக்கிற பழைய டெபுடி சீஃபின் வீடு. வண்டி அங்கே போய் நின்றது. டிரைவர் சிங்காரவேல் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே நுழைந்தால், அந்த மனிதர் கைநிறைய எண்ணெயைத் தடவிக்கொண்டு பலாப்பழம் உரித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு ஒண்ணுமில்லப்பான்றாரு மேடம், நோவு வந்தவங்க எல்லாரும் அப்பிடித்தானே சொல்றாங்க, மொதல்ல படுங்க சார்னு கையைப் புடிச்சிட்டேன், வழுக்கிக்கினு போறாரு, என்று பிறகு வந்து சிங்காரவேல் சொன்னபோது மற்ற பெண்கள் சிரித்தார்கள். ஆதிலட்சுமி சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை, அங்கே ஒருத்தி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வண்டி வராததைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் தன் காரிலேயே கஸ்தூரியம்மாளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிழைத்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

துரைராஜ் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். இனி நீயே சொல், இதில் யார் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும்? சுற்றறிக்கை அனுப்பியவர் மேல் இல்லை, விலாசம் சொல்லாமல் போனை வைத்தவர் மேலும் இல்லை. ஆதிலட்சுமியின் கவனக்குறைவால் வண்டி தவறான வீட்டுக்குப் போனது, அவளை வேலையிலிருந்து நிறுத்தப் பரிந்துரைக்கிறேன் என்று ஒரு காகிதத்தைத் தயாராக அடித்து என் முன்னால் நீட்டினார் பன்னீர்செல்வம். அதில் என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. டெம்பரரிதானே மேடம், இது போனா இன்னொண்ணு வரும், துரைராஜ் சார் மனசும் ஆறும், என்றார். ஒரு பெண்ணின் சோற்றை எடுத்து இன்னொருவர் மனதை ஆற்றுகிற வைத்தியத்தை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் உன் அப்பா. அந்தப் பிள்ளைக்காக நீ எதுக்கு மல்லுக்கு நிக்கே, கையெழுத்தப் போட்டுட்டு உன் சோலியப் பாரு, என்கிறார். திருநெல்வேலியிலிருந்து வந்து இத்தனை வருஷம் வேலை பார்த்துவிட்டோமாம், யாரோடும் பகை இல்லாமல் ஊருக்குப் போய்ச் சேர வேண்டுமாம். இந்த மனிதர் முன்பு இப்படிப் பேசமாட்டார்.

மறுநாள் காலையில் கண்ணையன் நம் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வாசல் கேட் பக்கத்திலேயே நின்றுவிட்டார். வூட்ல பொண்ணு சோறு துன்னாம அழுதுகினே இருக்குதுங்க, என்றார். நான் ஆறுதலாக ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. அது தப்பு பண்ணிச்சா இல்லியா, அத மட்டும் சொல்லுங்கம்மா, தப்புன்னா வேலைக்கே போவாதன்னு நானே நிறுத்திக்கிறேன், இல்லன்னா இல்லன்னு யாராச்சும் அதுகிட்ட சொல்லணுமில்ல, என்றார். தப்பில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

நான் கையெழுத்துப் போடாததால் விசாரணை வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் கண்ட்ரோல் ரூமுக்கு ஒரு போன் வந்தது. ஆதிலட்சுமி எடுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண்குரல் பிளாக், ரோடு, வீட்டு நம்பர் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, பயப்படாதம்மா, இப்ப ஒண்ணும் அவசரமில்ல, நான் துரைராஜ் சார் வீட்ல பேசறேன், என்றது. கஸ்தூரியம்மாள்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், போன் மாற்றிக் கொடுத்ததும், முதல் வேலையாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்புறம் என்னிடம் பேசினார்கள். எங்க வீட்டுக்காரங்க ஓடறப்பவே சொன்னேன், நம்பரைச் சொல்லுங்க, புது வீடு, நமக்கே இன்னும் மனசுல நிக்கலைன்னு. திரும்பி வந்தாங்க, சொன்னீங்களான்னு கேட்டேன், பேசக்கூட முடியல எனக்கு, அப்பவும் கேட்டேன். டெபுடி சீஃப்னு சொன்னேன், அது போதாதாங்கறாங்க. அந்தப் பொண்ணை எதுக்குங்க வாட்டறாங்க, யார் வந்து கேட்டாலும் நான் இதையேதான் சொல்லுவேன், என்றார்கள். இழுப்பு முழுதாக நிற்கவில்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார்கள்.

விசாரணை பன்னீர்செல்வம் அறையில். ஆதிலட்சுமியை நிற்க வைத்திருந்தார்கள், நாற்காலி வரும் வரை நானும் உட்காரமாட்டேன் என்றதும் ஒன்று வந்தது. டெபுடி சீஃப் வீடு எதுன்னு தெரியாதவளை எல்லாம் அங்க உக்கார வெச்சா இப்படித்தான், என்றார் துரைராஜ். அவருடைய புது வீட்டில் பால் காய்ச்சியபோது போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்த பன்னீர்செல்வத்தைப் பார்த்து, சாருடைய வீட்டு நம்பர் என்ன, நீங்கள் சொல்லுங்கள், இப்போதே வண்டி அனுப்ப வேண்டும், என்றேன். அதான் மேடம், அந்தப் பார்க் தாண்டி, வாசல்ல பெரிய வாகை மரம், என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். வாகை மரம் நம் ஊரில் எந்த வாசலில் இல்லை? அப்படியானால் நம்பரை யார் சொல்லியிருக்க வேண்டும் என்று துரைராஜின் மனைவியையே கேட்டுவிடலாம், அவர்கள் போனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள், என்று சொல்லி மேஜையிலிருந்த போனை எடுத்தேன். வேண்டாம் வையுங்க, என்றார் துரைராஜ். அதோடு முடிந்தது. புகார் கைவிடப்பட்டது என்று ஒரு வரி, தாளில் உள்ள விலாசங்களைத் திருத்திக்கொள்ளவும் என்று ஒரு வரி. ஆதிலட்சுமியிடம் உன் மேல் தப்பில்லை என்று அந்த அறையில் ஒருவரும் சொல்லவில்லை. ஒரே ஒரு வாக்கியம், அதற்குக்கூட அவர்களிடம் பஞ்சம். வெளியே வந்து நான்தான் சொன்னேன். அப்பாகிட்டயும் சொல்லிடுங்க மேடம், நான் சொன்னா நம்பாது, என்றாள். சொன்னேன். சுற்றறிக்கையை இன்னும் வாபஸ் வாங்கவில்லை. எங்கள் பெண்கள் எங்கே என்றுதான் கேட்கிறார்கள், கேட்கச் சொன்னது நான்தான் என்று பன்னீர்செல்வத்துக்கும் சொல்லியாயிற்று. என்னை வேறு பிரிவுக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. மாற்றட்டும், ஆதிலட்சுமியின் பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வரும் வரை நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டேன்.

இத்தனையையும் உனக்கு எழுத ஒரு காரணம் உண்டு. உன் கடிதத்தில் கையெழுத்துக்குக் கீழே உன் புதிய பதவியை இரண்டு வரியில் எழுதியிருக்கிறாய். புது குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்துவிட்டேன், விசாலமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன், உறையையும் பார்த்துவிட்டேன், வீட்டு நம்பர் எங்கேயும் இல்லை. அதனால் இந்தக் கடிதத்தை உன் ஆபீசுக்குத்தான் அனுப்புகிறேன், அங்கே உன் பதவியைச் சொன்னால் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பி. எனக்கு அந்த நம்பிக்கை எவ்வளவு பிடிக்கவில்லை என்று உனக்கு இப்போது தெரியும்.

கடவுள் உன்னைக் காப்பார் என்று அப்பா எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். நீண்ட நாள் நோய் நொடியில்லாமல், யாரையும் நிற்க வைத்துப் பேசாத அதிகாரியாக இரு, அது என் ஆசீர்வாதம். பதில் எழுதும்போது மற்றதெல்லாம் பிறகு, வீட்டு நம்பரை முதல் வரியில் எழுது.

உன் அம்மா,
புஷ்பவல்லி
வீட்டு எண் 14, குறுக்குச் சாலை 3, பிளாக் 11,
நெய்வேலி