வேலைக்காரியின் பிள்ளை என்றீர்கள்

அப்பா,

இன்றுதான் உங்கள் அலுமாரியைத் திறந்தேன். வெள்ளவத்தை வீட்டை ஒழித்துக் கொடுக்கச் சொல்லித் தங்கச்சி கனடாவிலிருந்து நச்சரிக்கிறாள். அடித்தட்டில், மடித்த வேட்டிகளுக்குப் பின்னால், அந்த எண்ணெய்ப் போத்தல் இருந்தது. மூடியைத் திருகினேன். அதே மணம்.

அந்த எண்ணெய் வீட்டுக்கு வந்தபோது என் மகள் ஆரணிக்கு மூன்று வயது. அவளுக்கு மூளை முடக்குவாதம் என்று டொக்டர் நம் இருவரையும் இருத்தி வைத்துத்தான் சொன்னார். பிறந்தபோது மூச்சுத் திணறியதில் வந்த பாதிப்பு, அது இனிப் பெருகாது, முற்றாக மாறவும் மாறாது, பழக்கினால் பிள்ளை நிறையச் செய்வாள் என்றார். தலையாட்டிக் கேட்டீர்கள். வீட்டுக்கு வந்ததும், "உந்த டொக்டர்மாருக்கு என்ன தெரியும்? கால்தானே பிரச்சினை. இழுத்து உருவினா நேராகும்" என்றீர்கள். வங்கி முகாமையாளராக இருந்தவர் நீங்கள். இரண்டு தரம் வாசிக்காத தாளில் கையெழுத்து வைக்காத மனிதர், யாரோ ஒரு எண்ணெய்க்காரரைக் கூட்டி வந்து என் பிள்ளையின் காலை முறுக்கவிட்டுத் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். வேலை முடிந்து நான் படியேறும்போதே அவளுடைய அலறல் கேட்டது.

மருதானையில் அவளுக்குக் கால் பயிற்சி கொடுத்த மிஸ், சிங்களப் பெண். தத்தித் தத்தித் தமிழ் கதைப்பார். என் கையை எடுத்து ஆரணியின் முழங்காலில் வைத்தார். "காலில பிழை இல்ல. மூளை பிழையா சொல்லுது, இறுக்கு, இறுக்கு எண்டு. பலமா இழுத்தா இன்னும் இறுக்கும். மெதுவா பிடிங்க. அது விடும் வரைக்கும் இருங்க." படுக்க வைத்துச் சோறு ஊட்டினால் புரையேறும், நிமிர்த்தி இருத்த வேண்டும் என்பதையும் அவரிடம்தான் கற்றேன். உங்களிடம் சொன்னபோது பேப்பரை விரித்து முகத்தை மறைத்தீர்கள். அவளுடைய பாதங்கள் வளையாமல் தாங்கும் பிளாஸ்டிக் அணைகள் வந்த நாளில் மட்டும் பேப்பரை இறக்கினீர்கள். "உந்த அணையளைப் போட்டுக்கொண்டு வெளியில கொண்டு போகாத. சனம் பாக்கும்."

பிறகு தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தார்கள். ஆரணியைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்தினீர்கள். தங்கச்சியின் வாழ்க்கை என்று நானும் பேசாமல் இருந்தேன். அவள் உள்ளேயிருந்து "தாத்தா" என்று கூப்பிட்டாள். அந்த ஒரு சொல்லைத் தெளிவாகச் சொல்ல அவளுக்கு ஒரு வருடம் எடுத்தது. மாப்பிள்ளையின் தாய், "ஆர் பிள்ளை?" என்று கேட்டார்.

"வேலைக்காரியின்ட பிள்ளை," என்றீர்கள். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

தேநீர்த் தட்டோடு நின்ற நான் தட்டை மேசையில் வைத்தேன். கதவைத் திறந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கு முன்னாலேயே வெளியேறினேன். அவளுடைய அப்பா எங்களை விட்டுப் போய் ஏற்கனவே ஒரு வருடம். கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்தேன். எட்டு வருடங்களில் ஒரு நாளாவது அந்தப் படி ஏறினீர்களா?

பாரிசவாதம் உங்கள் வலப்பக்கத்தை முடக்கியபோது தங்கச்சி வரவில்லை. ஆரணியையும் கூட்டிக்கொண்டு நான்தான் வந்தேன். கல்லாய்ப் பொத்திக் கிடந்த உங்கள் விரல்களை இழுக்காமல், மெதுவாக, ஒவ்வொன்றாக விரித்தேன். நிமிர்த்தி இருத்தி ஊட்டினேன். வாசல்மணி அடித்தால் இடக்கையால் அறைக் கதவைக் காட்டுவீர்கள், வந்தவர் கண்ணில் படாமல் சாத்தச் சொல்லி. சாத்தினேன். பரிதாபம் வரவில்லை. இவ்வளவுதானா இந்த மனிதர் என்றுதான் இருந்தது.

செத்தவீட்டில் எல்லாரும் "பெரிய மனிசன்" என்றார்கள். சிரிப்பை அடக்கப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். ஆரணி மட்டும் சக்கர நாற்காலியில் இருந்து தேம்பினாள். உங்கள் கடைசி வருடத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் உங்கள் கட்டிலருகே இருந்தவள் அவள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"அம்மா, நீங்கள் ஏன் அழேல்ல?"

ஒன்றும் மறைக்காமல் சொன்னேன், பின்னறைக் கதையையும் சேர்த்து. அவளுக்கு இப்போது பதினைந்து வயது. கேட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"தாத்தா பாவம். முதல் என்னைப் பாத்து வெக்கம். பிறகு தன்னைப் பாத்தே வெக்கம்."

என்னால் அப்படிச் சொல்ல முடியாது அப்பா. உங்களை நினைத்தால் வரும் இளக்காரம் இன்றும் குறையவில்லை. குறைக்கும் எண்ணமும் இல்லை. அது என்னோடு இருக்கட்டும். அவளுக்கு அது ஒட்டவில்லை.