மங்களம் பாடியதும் எழும்பிய சனம்

என் ஆசை அக்கா,

உங்கள் மகளின் முகம் இப்போது எங்கள் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் தொங்குகிறது. பயப்படாதீர்கள், நல்ல விஷயம்தான். மொன்றியல் மாநகரசபைத் தேர்தலில் ஆரணி நிற்கிறாள். ஆனால் கம்பத்தில் படம் கண்டால் நம் ஆட்களுக்குக் கண்ணீர் அஞ்சலி நினைப்புத்தானே வரும்? மேல்மாடி மாமி படியில் என்னை மறித்து, "ஐயோ, உங்கட அக்காவின்ர பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று கண்கலங்கிவிட்டா. தேர்தல் என்று சொல்லி அவவைத் தேற்றுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

போன ஞாயிறு பின்னேரம் மொன்றியல் நோரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அவளுடைய முதல் பெரிய கூட்டம். ஒரு கிழமையாய் அவளுக்கு ஒரே கவலைதான். "ஹெயிட்டிச் சனம் வரும், கியூபெக் சனம் வரும். எங்கட ஆக்கள் இருந்து நான் கதைக்கிறதைக் கேப்பினமோ சின்னம்மா? என்ர தமிழைக் கேட்டுச் சிரிப்பினம்." பிரெஞ்சில் வெளுத்து வாங்குகிற பிள்ளை, தமிழ் என்றதும் ஏன் இப்படிச் சுருங்கிப் போகிறாள்? நீங்கள் இருந்திருந்தால் உங்களிடம் கேட்டிருப்பேன்.

பாட்டு வைத்தால் வருவார்கள் என்று நான்தான் யோசனை சொன்னேன். பொய்க்கவில்லை. எங்கள் பாட்டு டீச்சர் வயலின், மிருதங்கத்தோடு வருகிறா என்றதும் பட்டுச்சேலையும் குளிர்ச்சட்டையுமாய் மண்டபத்தின் அரைவாசியை நம் சனம் பிடித்துவிட்டது. பின்பக்கம் ரோல்ஸும் தேத்தண்ணியும் இருந்ததும் ஒரு காரணம், மறைப்பானேன்?

எனக்கோ எல்லாமே புதினம். ஊரில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டாலே யன்னலைப் பூட்டுவீர்களே, அதனால் கூட்டம் என்றால் உள்ளே என்ன நடக்கும் என்றே தெரியாமல் வளர்ந்தவள் நான். இங்கே வாசலில் ஒரு பொடியன் "போன்ஜூர்" சொல்லிச் சட்டையில் ஆரணியின் பெயர் போட்ட வில்லை குத்திவிட்டான். முதலில் ஹெயிட்டி மேளக்காரர் வந்தார்கள். அந்த அடிக்கு எனக்குப் பக்கத்தில் இருந்த நம் ஊர் வாத்தியாரின் கால் தானாக ஆடியது. நான் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். வோட்டுக் கேட்பதற்கு முன்னால் மனிதரை ஏன் ஆடவைக்கிறார்கள், அக்கா? ஆடின காலுக்கு மனம் இளகுமோ?

மேளக்காரர் இறங்க மனமில்லாமல் அடித்துத் தள்ளியதில் நேரம் போய்விட்டது. நம் டீச்சருக்கு ஒரு பாட்டுக்குத்தான் இடம். ஆரணி ஓடிவந்து, "டீச்சர், மங்களம் மட்டும் பாடுங்கோ" என்றாள்.

டீச்சர் திகைத்துப்போனா. "மங்களமோ பிள்ளை? இப்பவோ?"

"ஓம் டீச்சர். நல்ல காரியம்தானே, மங்களமாத் தொடங்குவம்."

பாவம், அவளுக்கு என்ன தெரியும்? பாட்டு வகுப்புக்குப் போகச் சொன்னால் நீச்சலுக்குப் போனவள். நான் எழும்பிப் போய்த் தடுப்பதற்குள் டீச்சர் சுருதி சேர்த்துவிட்டா.

மங்களத்தின் முதல் வரி வந்ததுதான் தாமதம், நம் சனம் முழுவதும் எழும்பிவிட்டது. கச்சேரி முடிந்தது என்றுதானே அர்த்தம்! ஒருவர் குளிர்ச்சட்டையில் கையை நுழைக்கிறார், ஒருவர் கார்ச் சாவியைத் தேடுகிறார், வாத்தியார் ரோல்ஸ் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார். இதைக் கண்ட ஹெயிட்டிக்காரரும் கியூபெக்காரரும் இது ஏதோ தமிழரின் தேசிய கீதம் என்று நினைத்து மரியாதையாய் எழும்பி நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பாட்டு முடிய ஆரணி மேடைக்கு வந்தாள். மண்டபமே நிற்கிறது. தனக்காகத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள், அக்கா. கையை நெஞ்சில் வைத்து "மெர்சி, மெர்சி" என்றாள். முகமெல்லாம் பூரிப்பு. பிறகுதான் முதுகுகளைக் கண்டாள். வாசல் பக்கம் திரும்பி நின்ற எங்கட ஆக்களின் முதுகுகள்.

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் தாங்கியிருக்கமாட்டீர்கள்.

கையிலிருந்த பிரெஞ்சுப் பேச்சைக் கீழே விட்டுவிட்டு மைக்கைப் பிடித்துக் கத்தினாள். "போகாதேங்கோ! நான் இன்னும் ஒண்டும் கதைக்கேல்லை!"

முதுகுகள் திரும்பின. பிறகு வாசல் பக்கத்திலிருந்து, வாயில் ரோல்ஸோடு வாத்தியார் சொன்னார்: "அப்ப கதை பிள்ளை. கேக்கிறம்."

எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். ஒவ்வொருவராய் வந்து இருந்தார்கள். பாதி பிரெஞ்சு, பாதி தமிழ் என்று அவள் பேசினாள். எங்கள் பழைய வீட்டைப் பற்றிச் சொன்னாள். குளிர்காலத்தில் சுவர் ஈரம் கசிந்து பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்காரன் வந்து பார்க்கமாட்டான். "அம்மா என்ர கட்டிலைச் சுவரில இருந்து இழுத்துப் போட்டிட்டு, தான் சுவரோட படுப்பா. இப்பவும் இந்த ஏரியாவில எத்தினை அம்மாமார் அப்பிடிப் படுக்கினம்?" என்றாள். அவள் தமிழைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது நாலு வயது இருக்குமா? இது எப்படி நினைவிருக்கிறது? அதே வீட்டில் இருந்த எனக்கே தெரியாத விஷயம் இது. உங்களைக் கொண்டுபோன நெஞ்சுச்சளி அங்கேதான் தொடங்கியதா, அக்கா? ஏன் எனக்குச் சொல்லவில்லை?

திரும்பி வரும்போது காரில் கேட்டாள். "சின்னம்மா, அம்மா இருந்திருந்தா மங்களத்துக்கு எழும்பியிருப்பாவோ?"

"ஓம் பிள்ளை. முதல் ஆளா எழும்பியிருப்பா" என்றேன். சிரிக்கத் தொடங்கியவள் அழுதுவிட்டாள். நானும்தான். அப்படித்தானே செய்தீர்கள்? பிள்ளை மேடையேறிப் பேசத் தொடங்கும் முன்பே எழும்பிப் போய்விட்டீர்கள்.

அவள் வெல்வாளோ தோற்பாளோ, எனக்குத் தெரியாது. ஆனால் இனி அவள் எந்த மேடையில் ஏறினாலும், கடைசிச் சொல்லைச் சொல்லி இறங்கும்வரை நான் இடத்தை விட்டு அசையமாட்டேன். இது சத்தியம்.

உங்களுக்கும் சேர்த்து இருந்து கேட்கிற,
உங்கள் தங்கை, ஆரணியின் சின்னம்மா