சுகமில்லாத பிள்ளைகளின் பட்டியல்

18-6-1951
பட்டியல் முடிந்தது. சிரங்கு, வயிற்றுப் புழு, சீழ் வடியும் காது, எல்லாம் சேர்த்து இருபத்து மூன்று பேர். முதல் பெயர் மூன்றாம் வகுப்பு உலகம்மை. மாலைக்கண். மழை மூட்டம் போட்டால் போதும், வகுப்பின் வாசற்படி அவளுக்குத் தெரிவதில்லை. அம்மா முத்தாரம்மாள் சாலைக் கடைத்தெருவில் கீரை விற்கிறாள். வீட்டில் மூன்று நேரமும் மரச்சீனிக் கிழங்குதான், கீரை விற்பதற்கு மட்டும். கண்ணு பட்டிருக்கும் என்று உப்பு சுற்றிப் போட்டாளாம். ஸ்கூல் டாக்டர் வருவார், சீட்டு எழுதினால் மாலைக்கண்ணுக்குக் குடிக்கிற மீனெண்ணெய் இலவசம், பொறுத்திரு என்று சொல்லியிருக்கிறேன்.

ஹெட்மாஸ்டர் சாம்பசிவன் சார் பட்டியலை வாங்கிக்கொண்டு ரொம்பப் புகழ்ந்தார். எனக்கும் பெருமைதான்.

2-7-1951
பாவி மனுஷன்!

டாக்டர் வருமுன்பே பியூன் தங்கப்பன் கேட்டில் நின்று, என் பட்டியலைப் படித்துப் படித்து, இருபத்து மூன்று பேரையும் வீட்டுக்குத் திருப்பிவிட்டான். யார் சொல்லி? ஹெட்மாஸ்டரிடமே போய்க் கேட்டேன்.

"சொறியும் சிரங்குமா நிறுத்தினா ஸ்கூலுக்கல்லவா குறைச்சல்? இன்னைக்கு ஒருநாள் அவாவா ஆத்துல கிடக்கட்டும் டீச்சர்."

டாக்டர் மிச்சப் பிள்ளைகளைப் பார்த்து, எல்லாரும் நல்ல சுகம் என்று எழுதினார். பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. நான் டெம்பரரி, ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷமும் வேலை. தூ, என்ன பிழைப்பு இது!

23-7-1951
ஆரோக்கியத்தில் நம் ஸ்கூல்தான் முதலாம். நற்சான்றுக்குச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியாகிவிட்டது. டாக்டர் இனி அடுத்த வருஷம்தான் வருவார்.

20-8-1951
உலகம்மை ஒரு வாரமாக வரவில்லை. நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

3-9-1951
நாளைக்கு நாளைக்கு என்று இன்றுதான் போனேன். பிள்ளை மூலையில் முகத்தைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இடது கண் போய்விட்டது. வலதைக் காப்பாற்றலாமாம்.

முத்தாரம்மாள் அழவில்லை. "ஸ்கூல்ல டாக்டர் பாப்பாருன்னு நீங்கதான சொன்னிய?" என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம். நான்தான் சொன்னேன்.

14-7-1952
போன வருஷம் மாதிரியே ஒரு லிஸ்ட் வேண்டுமாம் ஹெட்மாஸ்டருக்கு. உட்கார்ந்து எழுதினேன். அவருக்கு ரெஜிஸ்டரில் இருக்கும் பெயர்கள் தெரியும், பிள்ளைகளின் முகம் தெரியாது.

21-7-1952
தங்கப்பன் பெயர் படித்தான். இருபது பேர், ஒவ்வொன்றும் கல்லைத் தின்றாலும் செரிக்கிற பிள்ளைகள், லீவு லீவு என்று கூவிக்கொண்டு ஓடினார்கள். தங்கப்பன் என்னை ஒரு தரம் பார்த்தான். கேட்டைச் சாத்தினான்.

சிரங்குக்காரர்கள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள். டாக்டர் மூன்று மணி வரை எழுதிக்கொண்டே இருந்தார். முதல் பெஞ்சில் உலகம்மை. இமையைத் தூக்கிப் பார்த்தவர் நிமிர்ந்து, தமிழும் மலையாளமுமாகக் கேட்டார்.

"கழிஞ்ச வருஷம் இந்தக் குட்டி எங்கே போயி?"

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், பட்டியலிலிருந்து நற்சான்று வரைக்கும். நான் வாய் மூடி நின்றதையும் சொன்னேன்.

நாளை முதல் எனக்கு வேலை இல்லை. பதினொரு பிள்ளைகளுக்கு மீனெண்ணெய்ச் சீட்டு கிடைத்தது. உலகம்மைக்கும் ஒன்று எழுதினார், இருக்கிற கண்ணுக்கு.