அப்பா பெயரில் ஒரு கிட்டார்

தம்பி,

போன வாரம் கடைக்கு ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வந்தது. பம்புசெட் மோட்டாரும் மிக்சியும் டேபிள் ஃபேனும் வருகிற கடைக்கு. கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி, ஆட்டோவிலிருந்து குழந்தையை இறக்குவதுபோல அதை இறக்கிக்கொண்டு வந்தாள். உறையின் ஜிப்பைத் திறந்ததும் புது பெயின்ட் வாசனை குப்பென்று அடித்தது. தலைப்பகுதியில் ‘சோணை’ என்று எழுதியிருந்தது. நீ வரைந்து கொடுத்த அதே எழுத்து, ணையின் வால் மட்டும் கொஞ்சம் நீண்டு.

“சத்தமே வரல ஆன்ட்டி. கம்பி சுத்துற காயில்ல பிரச்சனைன்னா நீங்க பாப்பீங்கன்னு டீக்கடையில சொன்னாங்க.”

பெரிய கோளாறு ஒன்றுமில்லை. பற்றவைத்த இடத்தில் ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. நான் அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, அந்தப் பெண் செல்போனில் கம்பெனியின் வரலாற்றைத் தேடி எடுத்து எனக்குப் படித்துக் காட்டினாள். மலையடிவாரத்து வாடகை அறை ஒன்றில் ஓர் இளைஞர் தன்னந்தனியாகத் தன் முதல் கிட்டாரைச் செய்தாராம். பக்கத்தில் மலையின் படமும் போட்டிருந்தார்கள். அது நம் மலையே இல்லை. எந்த ஊர் மலையோ.

“இவரு இந்த ஊராமே. உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன். அந்தப் பெண்ணிடம் அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. மீதியை உனக்கு எழுதுகிறேன். உனக்குத் தெரியாதது இதில் எதுவும் இல்லை. ஆனால் ஊரெல்லாம் வேறு மாதிரி சொல்லிச் சொல்லி, கடைசியில் நீயே அதை நம்பிவிட்டாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வாடகை அறை எங்கேயடா இருந்தது? இருந்தது அப்பாவின் கடை. ‘சோணாசலம் மோட்டார் வைண்டிங்’ என்ற போர்டுக்குக் கீழே, அவர் போன பிறகு நான் உட்கார்ந்திருந்தேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து எரிந்துபோன மோட்டார்களை வேனில் போட்டுக்கொண்டு வருவார்கள். தண்ணீர் இல்லாமல் கடலை வாடிக்கொண்டிருக்கும். அவர்கள் அவசரம் அவர்களுக்கு. நீ மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் காலையில் சிவந்த கண்ணோடு வந்து நின்றாய். முந்தின நாள் திருவிழாக் கச்சேரியில், பாட்டு பாதியில் இருக்கும்போது கிட்டார் ஊமையாகிவிட்டது. அதுவும் உன்னுடையது இல்லை, இரவல்.

“அக்கா, எப்படியாச்சும் பாரு. இல்லன்னா குழுவுல என்னைச் சேத்துக்க மாட்டாங்க.”

கழற்றிப் பார்த்தேன். தந்திகளுக்குக் கீழே காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக்கம்பி. உள்ளே எங்கேயோ அறுந்திருந்தது. அப்பா போட்டுவைத்திருந்த பழைய ரேடியோக்களிலிருந்து அதே மாதிரி கம்பியை எடுத்தேன். தையல் மிஷின் மோட்டாரில் அச்சு ஒன்றைப் பொருத்திச் சுற்றினேன். இரண்டு முறை அறுந்தது. மூன்றாவது முறை நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய். கிட்டாரில் பொருத்தி, ஸ்பீக்கரில் மாட்டி, ஒரே ஒரு தந்தியைத் தட்டினாய். எதிர்க்கடைக்காரர் எழுந்து வெளியே வந்து பார்த்தார். “அக்கா, முன்ன இருந்ததவிட நல்லா இருக்குக்கா” என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாய். அப்போது நீ நடிக்கவில்லை. அதை இன்றைக்கும் நம்புகிறேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மரவேலைக்குக் கட்டில், பீரோ செய்கிற ரஹ்மத் பாயைப் பிடித்தாய். மலைவேம்பில் உடல், தேக்கில் கழுத்து. முதல் கழுத்து சித்திரை வெயிலில் வில்லாக வளைந்தது. நீ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாய். பாய்தான் சிரித்தார். “மரம் நம்ம பேச்சக் கேக்காது தம்பி. இந்த ஊர்ல வெயில் ஜாஸ்தி, அது வெயில் பேச்சத்தான் கேக்கும்.” அடுத்ததில் கழுத்துக்குள் இரும்புக்கம்பியைப் புதைத்தார். அது வளையவில்லை. என்ன பெயர் வைப்பது என்று நீ கேட்டபோது, அப்பா பெயரைச் சுருக்கி ‘சோணை’ என்று சொன்னது நான்.

வேங்கிக்காலில் ஷெட் போட்டோம். காயில் சுற்ற வள்ளியும் இன்னும் சில பெண்களும் ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். மெல்லிய கம்பியை விரலில் பிடித்தால் போதும், இழுப்பு கம்மியா ஜாஸ்தியா என்று வள்ளி கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். வேலூர், விழுப்புரம், புதுச்சேரி என்று குழுக்காரர்கள் தேடி வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டை எல்லாரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். நீயும்தான். வள்ளி கொண்டுவரும் கருவாட்டுக் குழம்புக்கு உனக்கும் பாய்க்கும் சண்டையே நடக்கும்.

பிறகு வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து குவிந்தது. குழுக்களும் கீபோர்டு ஒன்றை வைத்துக்கொண்டு சமாளிக்கத் தொடங்கின. வேலை குறைந்தது. அதை யாரும் உன்மேல் பழியாகப் போடவில்லை. வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும் என்று நான் சொன்னபோது அந்தப் பெண்கள் முகம் கோணவில்லை. அந்தச் சமயத்தில்தான் சென்னைக் கிட்டார் கம்பெனிக்காரர் ஒருவர் உன்னைத் தேடி வந்தார். அவர் காரில் நீ ஏறிப் போவதை நானும் பார்த்தேன். கேட்டபோது, “சும்மா பேச்சுக்கா, ஆர்டர் தராங்களாம்” என்றாய்.

அந்தப் பௌர்ணமியை மறந்திருக்க மாட்டாய். கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ ஓடாது, யாரும் சிரமப்பட வேண்டாம், இரண்டு நாள் லீவு என்று எல்லாரிடமும் நீயே சொன்னாய். எவ்வளவு அக்கறை என்று வள்ளி என்னிடம் மெச்சிக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை நான் போனபோது பெண்கள் ஷெட்டுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கதவில் வேறு பூட்டு தொங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காயில் சுற்றும் மெஷின்கள் இல்லை, அச்சுகள் இல்லை, சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படம்கூட இல்லை. ஊரே மலையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது நீ வேனில் எல்லாவற்றையும் ஏற்றியிருக்கிறாய்.

ரஹ்மத் பாய் தோளில் புதிதாக இழைத்த கிட்டார் உடலோடு வந்து சேர்ந்தார். பூட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அதை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் அப்படியே நின்றார். உன் போன் அணைந்திருந்தது. வள்ளிதான் முதலில் எழுந்தாள்.

“மூடப்போறேன்னு மூஞ்சப் பாத்து சொல்லியிருந்தா நாங்க போயிருப்போமேக்கா. லீவுன்னு ஏன் சொன்னாரு?”



பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தாய். சோறு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய், “பேரு நிக்கணும்ல அக்கா. நாம வச்சிருந்தா இங்கயே செத்துருக்கும். சென்னை கம்பெனிக்காரங்க உலகம் பூரா கொண்டு போவாங்க.”

“அது அப்பா பேருடா. விக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்த கேட்டியா?”

“கேட்டா வேணாம்னுதான சொல்லுவ?”

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் செய்திருக்கிறாய். கை கழுவிவிட்டு நீ புறப்பட்டபோது வாசல்வரைக்கும்கூட நான் வரவில்லை.

அவர்கள் இங்கே ஒரு கிட்டார்கூடச் செய்யவில்லை. எங்கேயோ செய்ததை வரவழைத்து அப்பா பெயரை ஒட்டினார்கள். உன்னை மேடைகளில் உட்காரவைத்தார்கள். அங்கே நீ உன் கதையைச் சொன்னாய், அந்த வாடகை அறைக் கதையை. முதல் காயிலை நீயே சுற்றினாயாம். உனக்கு ஃபேனுக்கு ஒயர் மாட்டத் தெரியாது. கொஞ்ச காலத்தில் அவர்களுக்கு நீயும் தேவைப்படவில்லை. மேடையில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். நீ ஊருக்குத் திரும்பி வந்து வேங்கிக்காலில் வீடு பிடித்திருக்கிறாய் என்று பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நெஞ்சு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறாய் என்றும் அவர்தான் சொன்னார். உன்னைப் பார்க்கப் போன ஒரே ஆள் அவர்தான்.

ஒரு மத்தியானம் நீ கடைக்கு வந்தாய். மெலிந்து, சட்டை தோளில் தொங்க. எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாய். உனக்கு டீ வரவழைத்தேன். நீ கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தாய். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாய், வார்த்தை கிடைக்காமல் தவிக்கிறாய் என்று நினைத்தேன். எனக்கு மனசு இளகிக்கூடப் போனது. கேட்காவிட்டாலும் பரவாயில்லை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வா என்று சொல்ல வாயெடுத்தேன்.

“அக்கா, கம்பெனியில மறுபடி என்னைக் கூப்ட்டிருக்காங்க. ஆண்டு விழாவுக்கு வீடியோ எடுக்கறாங்களாம். குடும்பத்துலருந்து ஒரு லேடி பேசினா நல்லா இருக்கும்னாங்க. நீ ஒரு பட்டுப்புடவை கட்டிக்கிட்டு வந்து உக்காந்தா போதும்.”

“வந்து இன்னா சொல்லணும்?”

“என் தம்பி சின்ன வயசுலருந்தே அப்படித்தான், தனியா உக்காந்து ஏதாவது செஞ்சுக்கிட்டே இருப்பான்னு… அந்த மாதிரி.”

சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்தேன். வெட்கம் துளிகூட இல்லை. கெஞ்சல் மட்டும் இருந்தது, அன்று இரவல் கிட்டாரோடு வந்து நின்றபோது இருந்த அதே கெஞ்சல். “டீ ஆறுது, குடிச்சுட்டுக் கெளம்பு” என்றேன். நீ குடிக்காமலே போனாய்.

அடுத்த மாதம் நீ போய்விட்டாய். கம்பெனியிலிருந்து ஆளுயர மலர்வளையம் வந்தது, நடுவில் அப்பா பெயரோடு. ஆள் யாரும் வரவில்லை. ரஹ்மத் பாய் சுடுகாடுவரை நடந்து வந்தார். அந்தப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். வள்ளி உன் காலடியில் உட்கார்ந்து, “பூட்டுன கதவத் தொறக்காமலே போயிட்டீங்களே” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. உனக்கு யார் யாரோ அழுதார்கள், அது போதும்.

வள்ளி இப்போது என்னோடுதான் மோட்டார் சுற்றுகிறாள். உன் பேச்சு வந்தால் அவளே சொல்வாள், “செத்தவர்மேல இன்னாக்கா கோவம், ஒரு சுத்து மலையச் சுத்திட்டு வா, எல்லாம் எறங்கிடும்.” அவளுக்காக ஒரு பௌர்ணமிக்குப் போனேன். செருப்பில்லாமல் முழுச் சுற்றும் நடந்தேன். கால் வலி இறங்க நான்கு நாள் ஆனது. மற்றது இறங்கவில்லை.

இறங்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. நாம் சேர்ந்து உண்டாக்கியது எல்லாவற்றையும் நீ என்னைக் கேட்காமல் எழுதிக் கொடுத்துவிட்டாய். உன்மேல் இருக்கிற இந்தக் கோபம் ஒன்றுதான் இன்னும் என் பேரில் இருக்கிறது. அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

அக்கா