ஈரக்கைக்கு நேரே ஒரு டிக்

இன்று காலை, அரிசி களைந்த கையோடு இண்டக்‌ஷன் அடுப்பை அணைக்கத் தொட்டேன். அணையவில்லை. கையைத் துடைத்துவிட்டுத் தொட்டதும் அடங்கியது. அதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன்.

ராஜபாளையத்தில், நீ பராமரிப்பு பார்த்த பேண்டேஜ் மில்லில், பொத்தான்களுக்குள் பஞ்சு புகுந்து அடைத்துக்கொண்டது. தொட்டால் இயங்கும் பலகை செய்து தரக் கேட்டாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அறையில் இரண்டு மைக்ரோகண்ட்ரோலர் சிப் குடும்பங்களை ஒப்பிட்டு அட்டவணை போட்டேன். ஒன்றில் தொடுதலை அளக்கவென்றே தனிச் சுற்று இருந்தது. கண்ணாடிமேல் நீர் படர்ந்தாலும் ஏமாறாது. மற்றதில் அந்தச் சுற்று இல்லை. விரல் படும்போது மின்னேற்றம் எவ்வளவு தாமதிக்கிறது என்று நாம் எழுதும் நிரல்தான் கணக்கிட வேண்டும். ஆனால் எனக்குப் பழகியது அதுதான். புதியதைக் கற்கச் சோம்பல்.

எத்தனை விசை, எவ்வளவு தடிமனான கண்ணாடி, எவ்வளவு மின்சாரம். எல்லாம் அளந்தேன். கடைசி வரி, ஈரக்கை. இரண்டுக்கும் டிக் போட்டேன். அளக்காமல்.

நீ படித்துக்கொண்டே வந்து அந்த வரியில் நின்றாய்.

"ஏட்டி, ஈரக்கையில பாத்தியா? வெளுப்புப் பக்கம் இருந்து எல்லாரும் நனைஞ்ச கையோடதான் வருவாக."

"அதெல்லாம் பாத்தாச்சு."

"ஓடலைன்னா ஒன் தலைமுடிய வச்சுத்தான் மெஷினத் துடைப்பேன், பாத்துக்க."

சிரித்தோம்.

பழகிய சிப்பிலேயே பலகை செய்து கொடுத்தேன். அதைப் பொருத்திய மூன்றாம் நாள் துணி உருளையில் சுற்றிக்கொண்டது. ஓட்டிக்கொண்டிருந்த அக்கா நனைந்த விரலால் 'நிறுத்து' விசையைத் திரும்பத் திரும்பத் தொட்டாள். மெஷின் நிற்கவில்லை. நீ ஓடிப்போய் மெயினை அணைத்தாய். யாருக்கும் அடியில்லை. எர்த் சரியில்லாவிட்டாலும் தொடு விசை தடுமாறும் என்று உனக்குத் தெரியும். மேனேஜர் வந்து கேட்டபோது நீதான் பதில் சொன்னாய்; நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"எர்த் வயர் நாந்தான் இழுத்தேன், சார். எங்கயோ தப்பு விட்டுட்டேன்."

என்னைக் காப்பாற்ற அப்படிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ அதை நம்பினாய்.

உன்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். டெஸ்டரைப் பையிலிருந்து எடுத்து வீட்டு அலமாரியில் வைத்துவிட்டாய். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டாய்: "அந்த எர்த்துல எங்கட்டி தப்பு விட்டுருப்பேன்?"

நான் உன் தலையணையைச் சரிசெய்தேன்.

இப்போது எந்தச் சிப்பைச் சோதித்தாலும் முதலில் மேசையில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கிறேன். விரலை நனைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். உனக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அன்று மேனேஜர் உன்னை அறைக்குள் கூட்டிப்போன பிறகு, உன் எர்த் வயரை மீட்டர் வைத்துப் பார்த்தேன்.

சரியாகத்தான் போட்டிருந்தாய்.