மணி எழுதாத வரிகள்

மார்ச் 4, செவ்வாய்
ஆம்புலன்ஸ் அழைப்புகளை வண்டிகளுக்கு அனுப்பும் புரோகிராம் இன்று மத்தியானம் நின்றுபோனது. ஆறு நிமிடம். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செவ்வாய்தோறும் பேக்கப் டிஸ்க் மாற்றும் அத்தான், அக்காவின் கணவர், அப்போது சர்வர் அறையில் இருந்தார். "போன செவ்வாய் நின்னப்பவும் நீங்கதானே உள்ள இருந்தீங்க?" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார். "நின்ன பிறகுதான் சார் உள்ள போனேன்" என்றார் அத்தான். யார் நம்பினார்கள்?

மார்ச் 5
விசாரணை முடியும்வரை அத்தானை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 6
சர்வரில் என்னென்ன ஓடுகிறது என்று இரண்டு நொடிக்கு ஒருமுறை எழுதிவைக்கும் கருவி நான் செய்ததுதான். பதிவு முழுவதையும் படித்தேன். ஒரு வரியில் அழைப்பு புரோகிராம் இருக்கிறது, அடுத்ததில் இல்லை. எத்தனை மணிக்கு, அத்தான் உள்ளே போகும் முன்பா, பின்பா? அதைத்தான் நான் எழுதவைக்கவில்லை. திரையைப் பார்ப்பவர்களுக்கு மணி எதற்கு என்று அன்றைக்கு நினைத்த இந்த மண்டையை என்ன செய்ய?

மார்ச் 7
கருவியை ஓட்டும் கட்டளையோடு "-t" சேர்த்தால் இனி ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தேதியும் மணியும் வரும். பதினோரு வரி வேலை. இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டது. "கண்டுபிடிச்சிருவ இல்ல?" என்றாள் அக்கா. தலையாட்டினேன்.

மார்ச் 11, செவ்வாய்
மறுபடி நின்றது. அத்தான் வீட்டில் இருக்கும்போதே. "போறப்ப எதையாவது வெச்சுட்டுப் போயிருப்பார்" என்கிறார் மேனேஜர்.
14:14:59 — இருக்கிறது. 14:15:01 — இல்லை.
கையால் நிறுத்தினால் இவ்வளவு கச்சிதமாக வராது. செவ்வாய் இரண்டேகாலுக்குத் தானாக என்ன ஓடுகிறது? தேடினேன். மெமரி அதிகம் பிடிக்கும் புரோகிராம்களை நிறுத்தும் ஸ்கிரிப்ட். பிப்ரவரியில் வைத்தது.
வைத்தது நான்.

மார்ச் 12
இந்தப் பதிவை வேறு யாரும் பார்க்கவில்லை. ஒரே ஃபைல். அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்?
சாப்பிடும்போது அத்தான், "எனக்காக ரொம்ப அலையாதம்மா, மூஞ்சியே வாடிப்போச்சு" என்றார். சொல்லேன்டி, இப்பவாவது சொல்லித்தொலையேன்! என்று என்னையே திட்டிக்கொண்டு, தட்டை எடுத்துப்போய்க் கழுவினேன்.

மார்ச் 13
பதிவையும் ஸ்கிரிப்ட்டையும் பிரிண்ட் எடுத்து மேனேஜர் மேசையில் வைத்தேன். "நீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். இனி சர்வரைத் தொட எனக்கு அனுமதி இல்லை.
வீட்டுக்கு வந்து இருவரிடமும் சொன்னேன். அத்தான் நீளமாக மூச்சு விட்டார், அவ்வளவுதான். அக்காதான் உடைந்து அழுதாள். "நான்கூட இவர்தான் ஏதோ பண்ணிட்டார்னு நினைச்சுட்டேன்டி." அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

மார்ச் 24
அத்தானை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். அந்த ஸ்கிரிப்ட்டை எப்படித் திருத்தலாம் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். நடுவில் சிரிக்கக்கூடச் செய்தார். என் மேல் கோபமே இல்லை.
இறங்கும் முன் கேட்டேன்: "இன்னிக்காவது அக்காகிட்ட பேசிட்டு வந்தீங்களா?"
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.